தலைமாற்றிப் படுத்த கைகள்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில், இரண்டாவது மாடியில், வரதன் வீட்டில் மட்டும் குப்பைக்கூடை கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் கார்குழலி ஒரு பிளாஸ்டிக் வாளியை அடுப்புமேடைக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். மறுநாள் வரதன் அதைக் கழுவிக் குளிக்கிற இடத்தில் வைத்துவிட்டான். அவன் மாநகராட்சிக் குப்பை லாரியில் ஆளாகப் போகிறவன். தெருத்தெருவாகத் தொட்டிகளை வாரி ஏற்றி, கொடுங்கையூர்க் குப்பை மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவது வேலை.

"நம்ம வூட்டுக் குப்பைய நானே வாரி, நானே ஏத்திகினு போய், நானே கொட்டணுமா? வேணாம்மே" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. பகல் முழுக்க ஊரின் அழுக்கைச் சுமந்துவிட்டு வருகிறவன், தன் வீட்டிலிருந்து ஒரு பிடிகூட அந்த மேட்டுக்குப் போகக் கூடாது என்று நினைத்தான். அவ்வளவுதான். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து காய்த்தோலும் அரிசி கழுவிய தண்ணீரும் எதிர்வீட்டு ஷரீஃபுன்னிசாவின் ஆட்டுக்குப் போயின. கிழிந்த புடவை நாலாக மடித்துத் தைத்த விரிப்பாக ஆயிற்று. பால் கவர்களைக் கழுவிக் கொடியில் போடுவாள். பழைய பேப்பர்காரர் வருகிறவரைக்கும் அவை வெயிலில் மின்னிக்கொண்டு ஆடும். மகள் அம்மு தவழ்கிற வயதில், அந்தக் கவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவாள்.

அம்மு பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், அதாவது தொண்ணூற்றெட்டில், கார்குழலி வேலைக்குப் போனாள். கல்மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மீன் லாரிகளுக்கு ஒதுங்கி நடந்து, ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடிக்கு ஏற வேண்டும். வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற கம்பெனி. முதலாளி தாவூது பாய். தையல் மிஷின்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஜன்னலோரமாக, மூன்று கட்டிலை நீளவாக்கில் போட்டது போல ஒரு மேஜை. அதுதான் துணி வெட்டுகிற மேஜை. ஐம்பது மடிப்பாகத் துணியை அடுக்கி, மேலே அட்டைகளை வைத்துக் கோடு போட்டு, கரண்டில் ஓடுகிற கத்தியால் வெட்டுவார்கள். சட்டையின் முன்பக்கத்துக்கு ஓர் அட்டை, முதுகுக்கு ஓர் அட்டை, கைக்கு, காலருக்கு, பாக்கெட்டுக்கு என்று தனித்தனி அட்டை. கட்டிங் மாஸ்டர் தேவகிருபை, ராயபுரத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். கத்தி ஓடும்போது அவர் உதட்டோரத்தில் ஜெபம் போல ஏதோ ஓடிக்கொண்டிருக்கும்.

கார்குழலிக்குக் கொடுத்த வேலை, மேஜைக்குக் கீழே விழுகிற துண்டுகளைக் கூட்டி மூட்டை கட்டுவது. பெரிய துண்டுகளை எடுத்துக்கொள்ள ஒரு வியாபாரி வருவார். சின்னச் சின்னத் துண்டுகளை யாரும் கேட்பதில்லை. அவை தெருத் தொட்டிக்குப் போய்விடும். வாரத்துக்குப் பத்து, பதினோரு மூட்டை சேரும்.

குனிந்து கூட்டுகிறவளுக்கு மேஜையில் இருக்கிற சட்டை கண்ணில் படுவதில்லை. சட்டை இல்லாத இடம்தான் கண்ணில் பட்டது. இரண்டு கைகளுக்கு நடுவில் விட்ட இடம் வெட்டி விழும்போது படகு மாதிரி இருந்தது. கழுத்தை வெட்டிய இடம் அரைநிலா. ஐம்பது மடிப்பாகையால் ஐம்பது படகு, ஐம்பது அரைநிலா. அவற்றைக் கையில் எடுத்து விசிறி போல் பிரித்துப் பார்ப்பாள். ஜன்னல் வழியாக வருகிற வெயிலில் துணி நூலெல்லாம் தெரியும். அப்படியே ஒரு நிமிஷம் நின்றுவிடுவாள். பிறகு யாராவது கூப்பிட்டால்தான் நினைவு வரும்.

ஒரு சாயங்காலம் வரதன் குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே அன்றைக்கு மேட்டில் பார்த்ததைச் சொன்னான்.

"நம்ம மேட்டுல இன்னிக்கி பூ பூத்தா மாறி இருந்துச்சுமே. ஒரு பக்கம் பூரா ஆரஞ்சு. காத்து அடிக்கச்சொல்ல அப்படியே பறக்குது. கொக்குங்க பயந்துகினு எழுந்து போவுதுங்க. கிட்ட போய்ப் பாத்தா, துணிப் பிட்டு."

கார்குழலி சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆரஞ்சு நிறம் போன வாரத்து ஆர்டர். அந்த மூட்டைகளைக் கட்டியது அவள் கைதான். வீட்டிலிருந்து ஒரு வெங்காயச் சருகு போகாமல் பார்த்துக்கொள்கிறவள், கம்பெனியிலிருந்து மலையாக அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அதையும் இவன்தான் வாரி ஏற்றியிருக்கிறான்.  சாப்பிட்டுக் கை கழுவும்போது அவன்தான் கேட்டான், அது உங்க கம்பெனியோடதா என்று. ஆமாம் என்றாள். அவன் சிரித்தான். நல்ல கலரு என்றான்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. கலங்கல் இல்லாத கடல்; அதற்குள் சட்டையின் பாகங்கள் நீந்திக்கொண்டிருக்கின்றன. கைகள் ஒரு கூட்டம், காலர்கள் ஒரு கூட்டம். ஒன்றையொன்று இடிக்காமல், ஒன்றுக்கொன்று இடம் விட்டு, வளைந்து வளைந்து போகின்றன. அவள் கரையில் நின்று பார்க்கிறாள். எப்போதும் ஒரு படகு மட்டும் காலியாக மிதந்துகொண்டிருக்கும். அதில் ஏற வேண்டியவர் யார் என்று தெரியாமலே விழித்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் அட்டைப்பெட்டியைப் பிரித்து, கம்பெனி அட்டைகளைப் போலவே சின்னதாக வெட்டினாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற முதுகு, விரல் நீளத்துக்குக் கை, நகம் போலப் பாக்கெட். தரையில் ஒரு புடவைக் கரையைத் துணியாக விரித்து, அதன்மேல் அடுக்கினாள். அம்மு பக்கத்தில் உட்கார்ந்து இடம் மாற்றி மாற்றி வைத்தாள். காலருக்கு அடியில் வருகிற பட்டையைக் குழந்தைதான் முதலில் படகுக்குள் வைத்தது. பட்டை உட்கார்ந்துவிட்டது. கொஞ்சம் இடித்தது, ஆனால் உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மேஜைக்குக் கீழே அந்த அட்டைகளைப் பரப்பிக்கொண்டிருந்தபோது தேவகிருபை வந்து நின்றார். இந்தப் படகில் ஒரு துண்டு வைக்கலாம் மாஸ்டர் என்று அவள் காலியாக இருந்த இடத்தைக் காட்டினாள். கூட்டுகிற வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவள் எல்லாவற்றையும் டிபன் பாக்ஸுக்குள் போட்டு மூடினாள். அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது கன்னமெல்லாம் சூடாக இருந்தது. விளையாட்டுச் சாமான் வைத்துக்கொண்டிருந்த குழந்தையைப் போல ஆகிவிட்டோமே என்று இருந்தது.

ஆனால் அவர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. இரண்டு வாரம் கழித்து, விளக்குமாற்றோடு நின்றவளைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்: "அந்தப் படகுல இன்னா வைக்கலாம்ன?"

காலர் பட்டை என்றாள்.

"வச்சுப் பாத்தேன். இடிக்குது."

அவளுக்கும் அதுதான் தெரியவில்லை. ஒரு விரல் இடம் வேண்டும். அந்த ஒரு விரலை எங்கிருந்து எடுப்பது?

விடை காசிமேட்டில் கிடைத்தது. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து மீன் வாங்கப் போனவள், முத்தம்மா கடைமுன் நின்றாள். முத்தம்மா அவள் வயதுக்காரி; வலைக்காரக் குடும்பம்; எப்போதும் வாங்குகிற பழக்கம். விற்காத மத்தியை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வரிசை முழுக்கத் தலை இந்தப் பக்கம். அடுத்த வரிசைக்குத் தலை அந்தப் பக்கம். ஏன் மாற்றி மாற்றி வைக்கிறாய் என்று கார்குழலி கேட்டாள்.

"ஒரே பக்கமா வச்சா வாலாண்ட காலியா பூடும். தலைய மாத்திப் போட்டாத்தான் ரெண்டும் அண்டிக்கினு படுக்கும்" என்றாள் முத்தம்மா, கையை நிறுத்தாமல்.

கார்குழலி மீன் வாங்காமலே பஸ் ஏறிவிட்டாள். தோளில் அகலமாகவும் மணிக்கட்டில் குறுகலாகவும் இருக்கிற சட்டைக் கையும் ஒரு மீன்தானே. தேவகிருபை எல்லாக் கைகளையும் ஒரே திசையில்தான் வைப்பார். அவர் இதற்கு முன்னால் இருந்த கம்பெனியில் பூப்போட்ட துணிதான் அதிகம். பூ தலைகீழாகத் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதினைந்து வருஷத்துப் பழக்கம் அவர் கைக்கு. ஆனால் இங்கே வருவது பெரும்பாலும் வெறும் நிறத் துணி. அதற்கு மேல் ஏது, கீழ் ஏது?

திங்கட்கிழமை, பாதிக் கைகளைத் தலைமாற்றிப் படுக்க வைத்தார்கள். கைகள் அண்டிப் படுத்ததில் சிதறிக் கிடந்த இடம் ஒன்றுசேர்ந்து, நடுவில் படகு அகலமாகிக் காலர் பட்டையை வாங்கிக்கொண்டது. பாக்கெட் தானாக ஒரு மூலையில் போய் உட்கார்ந்தது. தேவகிருபை ஒவ்வோர் அட்டையாக விரலால் தட்டிச் சரிபார்த்தார். பிறகு கத்தியை ஓட்டினார். அந்த ஆர்டரில், கணக்காக வாங்கிய துணியில் முப்பது சட்டை கூடுதலாக வந்தது. கூட்ட வந்த கார்குழலிக்குக் கீழே அதிகம் கிடைக்கவில்லை. நூல் போன்ற துண்டுகள் மட்டும். அவற்றைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். ஹார்பரில் கிரேன்கள் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தன. எங்கேயோ கனமில்லாமல் மிதப்பது போல இருந்தது அவளுக்கு.

தாவூது பாய் அவள் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்தார். அட்டை வைக்கிற வேலை அவளுக்கு. மூட்டைகள் பத்திலிருந்து ஆறாயின. ஒரு வாரம் நாலுகூட ஆயிற்று. மேஜையில் வேலை பார்த்த மற்ற ஆண்களுக்கு இது பிடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. டீ வரும்போது அவள் டம்ளரை மேஜையின் கடைசியில் வைப்பார்கள். அவள் அங்கே போய் எடுத்துக் குடிப்பாள். அவளுக்கு அப்போது அதெல்லாம் தூரத்தில் நடப்பது போல இருந்தது. பஸ்ஸில் நிற்கிறவர்களைப் பார்த்தால்கூட, இந்த அம்மா கொஞ்சம் திரும்பி நின்றால் அந்தப் பையோடு இன்னொருத்தர் நிற்கலாமே என்றுதான் தோன்றும்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு குளிர் நாட்டுக்காரர்களின் ஆர்டர் வந்தது. கார்டுராய் ஜாக்கெட். கரும்பச்சை நிறம், விரலால் தொட்டால் பூனை முதுகு போல இருந்தது. கார்குழலி வழக்கம் போல அட்டை வைத்தாள். வழக்கம் போலக் கைகளைத் தலைமாற்றினாள். தேவகிருபை துணியை ஒரு தரம் தடவிப் பார்த்தார். ஒரு கணம் கை நின்றது. பிறகு மிச்சமாகிற துணியைப் பார்த்தார். நல்ல அடுக்கு என்று தலையாட்டிவிட்டு வெட்டினார்.

எழுபது ஜாக்கெட் தைத்து முடிந்து, மாட்டித் தொங்கவிட்ட பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் ஒரு கை உடம்போடு ஒத்துப்போயிற்று. இன்னொரு கை இருட்டாக இருந்தது. கார்டுராய்க்கு முடி உண்டு. மேலிருந்து தடவினால் ஒரு நிறம், கீழிருந்து தடவினால் வேறு நிறம். தலைமாற்றிப் படுத்த கைகளெல்லாம் நிழலில் நிற்பவை போல நின்றன. எழுபதும் ஒரே மாதிரி.

கார்குழலி ஒரு ஜாக்கெட்டை இறக்கித் தரையில் உட்கார்ந்து, இருட்டுக் கையை மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். ஒரு மூட்டையைக் குறைக்கிறேன் என்று வந்து, ஒரே நாளில் ஒரு வண்டிக் குப்பை பண்ணியாயிற்று. தாவூது பாய் வந்தார். கத்தவில்லை. ஒரு ஜாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் வைத்த அட்டை இது என்று கேட்டார். மிஷின்கள் எல்லாம் நின்றுபோயின.

அவள் எழுந்திருப்பதற்குள் தேவகிருபை முன்னால் வந்தார். "வச்சது அது. தடவிப் பாத்துட்டு சரின்னது நானு. கத்திய ஓட்டுனதும் நானு. அதுக்கு இந்தத் துணி புதுசு பாய். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வுட்டுட்டேன்."

பாய் அவரையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். கப்பலுக்கு நாலு நாள் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுத் தொழப் போய்விட்டார்.

பகல் முழுக்க மேஜைமேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இருவரும் நின்றார்கள். அடுக்கில் மிச்சம் பிடித்த துணி சுருளாக மூலையில் இருந்தது. கார்குழலி சின்ன அட்டைகளை எடுத்தாள். இந்தத் தடவை எல்லாத் தலையும் ஒரே பக்கம். வெறும் கை மட்டும் வெட்டுவதானால் எத்தனை வரும்? அடுக்கிப் பார்த்தார்கள். எழுபதும் வந்தது, ஒன்று கூடுதலாகவே வந்தது. இருட்டுக் கைகளைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதிய கைகளை வைத்துத் தைத்தார்கள். மிஷின் பெண்கள் முகம் சுளிக்காமல் மூன்று நாளும் கூடுதல் நேரம் உட்கார்ந்தார்கள். டீ வந்தபோது யாரோ அவள் டம்ளரை அவள் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனதை அவள் கவனித்தாள். ஆர்டர் நாள் தவறாமல் கப்பலேறியது.

பிரித்தெடுத்த எழுபது கைகள் மூட்டையாகக் கிடந்தன. அதைத் தெருத் தொட்டிக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. பாயிடம் கேட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வரதன் மூட்டையைப் பார்த்துவிட்டு, மேட்டுக்குப் போக வேண்டியதை வீட்டுக்கே கொண்டாந்துட்டியா என்று கேலி பண்ணினான். ஆனால் அவனே ஒரு கையை எடுத்து அம்முவின் காலோடு வைத்துப் பார்த்தான்.

"இன்னாமே, கால்சட்டை மாறி கீது" என்றான்.

பெரிய ஆளின் கை, குழந்தையின் கால். இரண்டு கைகளைச் சேர்த்து இடுப்பில் நாடா போட்டால் ஒரு கால்சட்டை. எதிர்வீட்டு ஷரீஃபுன்னிசாவிடம் தையல் மிஷின் இருந்தது. அவளும் கார்குழலியும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாறி மாறி மிதித்தார்கள். எல்லாக் கைகளும் ஒரே பக்கம் இருட்டாக இருந்ததால், கால்சட்டையில் நிற வித்தியாசமே தெரியவில்லை. முப்பத்தைந்து வந்தது.

அந்த மார்கழியில் ஹவுசிங் போர்டுக் குழந்தைகள் பாதிப் பேர் கரும்பச்சைக் கார்டுராயில் நடமாடினார்கள். மெட்ராஸ் குளிருக்கு அது ரொம்ப அதிகம். மத்தியானமானால் வியர்த்துக்கொண்டு கழற்றி எறிந்துவிடுவார்கள். ஆனால் விடியற்காலையில் பனி இறங்கியிருக்கிற நேரத்தில், பால் வாங்கப் படியில் இறங்குகிற குழந்தைகளின் கால்களிலிருந்து ஒரு மெல்லிய சத்தம் வரும். துணியோடு துணி உரசுகிற சத்தம். கார்குழலி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்பாள். காய்ந்த கோரைக்குள் யாரோ நடந்து போவது போல இருக்கும். அந்தக் கடல் கனவு பிறகு வரவில்லை. எப்போது நின்றது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் தேவகிருபைக்கு மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் இடம் கிடைத்தது. மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், போக வேண்டியிருந்தது. கடைசி நாளன்று அவளைக் கூப்பிட்டார். துணியைக் கையால் தடவாமல் வெட்டாதே என்று மட்டும் சொன்னார். தாவூது பாய் புது மாஸ்டர் தேடவில்லை. கத்தி மிஷினைக் கார்குழலிதான் ஓட்ட வேண்டும் என்றார். பொம்பளை கையில் அதைக் கொடுக்கலாமா, விரல் போய்விடுமே என்று ஒருவர் இழுத்தார். போனால் என் விரல்தானே போகும் என்றாள் அவள். 

உண்மையில் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. கத்தி பிடிக்கும்போது இடது கையில் போட்டுக்கொள்கிற இரும்புவலைக் கையுறை ஆண்கள் கைக்குச் செய்தது. அவள் கைக்குத் தொளதொளவென்று இருந்தது. கீழே கிடந்த ஒரு நீளத் துண்டை எடுத்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு வெள்ளைத் துணி. ஐம்பது மடிப்பு. ஒரு தரம் மேலிருந்து கீழே, ஒரு தரம் கீழிருந்து மேலே தடவிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுதான். பொத்தானை அழுத்தினாள்.

மிஷின் கையில் துடித்தது. முதல் வளைவில் அவள்தான் அதைத் தள்ளிக்கொண்டு போனாள். இரண்டாவது வளைவில் கோடு தானாகக் கத்தியை இழுத்துக்கொண்டு போவது போல இருந்தது. அதற்கு மேல் சுற்றிலும் இருந்தவர்களை அவள் பார்க்கவில்லை. வெள்ளையின் நடுவே, கரை தெரியாத இடத்தில், தான் மட்டும் மெதுவாகப் போய்க்கொண்டிருப்பதாக உணர்ந்தாள். கத்தி நின்றபோது முதுகு முழுக்க நனைந்திருந்தது. விரல்களை எண்ணிப் பார்க்கிறவள் போல ஒருமுறை மடக்கி நீட்டினாள்.

பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பசி இப்போதுதான் வந்தது. கருவாட்டுக் குழம்பு ஆறிப்போயிருந்தது; ருசியாக இருந்தது. ஹார்பர் பக்கம் ஏதோ கப்பல் ஊதியது. மத்தியானத்துக்குள் இன்னொரு அடுக்கு போட வேண்டும். தண்ணீரைக் குடித்துவிட்டு, உறையைத் திரும்ப மாட்டிக்கொண்டு எழுந்தாள்.